சிவப்பு வண்டைப் பற்றிச் சேர்ந்து எழுதுதல்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே, வன்னியின் முள்ளியவளைப் பக்கம் நாங்கள் சிலர் சேர்ந்து, தென்னையைக் கொல்லும் சிவப்பு வண்டைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு எழுதியும் திருத்தியும் வருகிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தென்னங்காணி உள்ளவர்கள் இருவர், இளவயது முதல் மரம் ஏறிவரும் ஐயா ஒருவர், உயர்தரம் படிக்கும் மாணவிகள் மூவர், நான். விக்கிப்பீடியா எவரும் எழுதித் திருத்தக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம். புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன. அந்த இடங்களில்தான் நாங்கள் அதிகம் தடுமாறினோம்.

எந்த வண்டைப் பற்றிப் பேசுகிறோம்?

எங்கள் ஊரில் சிவப்பு வண்டு, செவ்வண்டு என்போம். தமிழ்நாட்டு வேளாண் நூல்களில் சிவப்புக் கூன்வண்டு. சிங்களத்தில் ரத்து குருமிணியா. அதற்கும் சிவப்பு வண்டு என்றே பொருள். அறிவியற் பெயர் ரின்கோபோரஸ் ஃபெருஜினியஸ். ஒலிவியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1790இல் விவரித்த இனம் இது. பெயரின் பின்பாதிக்குத் துருநிறம் என்று பொருள். வளர்ந்த வண்டு ஏறக்குறைய 35 மில்லிமீற்றர் நீளம் இருக்கும். முகத்தில் வளைந்த நீள்மூக்கு. ஆணின் மூக்கின் மேல் தூரிகைபோல ஒரு கற்றை மயிர் உண்டு, பெண்ணின் மூக்கு மயிரில்லாமல் வழுவழுப்பாக இருக்கும். கைத்தொலைபேசியின் கமராவில் பெருப்பித்துப் பார்த்தால் சின்னப் பிள்ளைகூட ஆணையும் பெண்ணையும் பிரித்துச் சொல்லிவிடும்.

மரத்தைச் சாகடிப்பது இதன் புழு. பெண் வண்டு மரத்தின் காயத்திலோ இளந்திசுவிலோ முட்டையிடும். மூன்று நாளளவில் பொரித்து வரும் புழுவுக்குக் கால்கள் இல்லை. பழுப்புத் தலையும் வெண்மஞ்சள் உடலுமாக, ஒன்று முதல் மூன்று மாதம் வரை தண்டுக்குள்ளே தின்றுகொண்டே போகும். பிறகு நாரைச் சுற்றிச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று, அது வட்டின், அதாவது ஓலைகள் விரியும் தலைப்பகுதியின், நடுவில் இருக்கிறது. புழு அதை எட்டிவிட்டால் மரத்துக்கு மறுபிழைப்பு இல்லை. வெளியே குருத்து வாடித் தெரியும்போது உள்ளே எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

இது வெளியிலிருந்து வன்னிக்கு வந்து புகுந்த பூச்சியா?

இல்லை. இங்கே பெரும்பாலோர் தவறும் இடம் இதுதான். எங்கள் முதல் வரைவிலும் நாங்களே தவறினோம். இணையத்தில் இந்த வண்டைப் பற்றிக் கிடைக்கும் பெரும்பகுதி, இதை அந்நியப் பூச்சியாகச் சந்தித்த நாடுகளிலிருந்து வருகிறது. 1980களின் நடுவில் அது வளைகுடா நாடுகளின் பேரீச்சந் தோட்டங்களுக்குள் புகுந்தது. 1990களின் தொடக்கத்தில் எகிப்து, அடுத்து ஸ்பெயின், 2004இல் இத்தாலி, 2006இல் பிரான்ஸ். பேரீச்சங் கன்றுகளோடும் அழகுக்கு நடும் பனையினங்களோடும் கப்பலேறிப் போனது. 2017 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய அமைப்பு இதற்காகவே ரோமில் பல நாட்டவரைக் கூட்டிப் பேச வேண்டி வந்தது.

அந்த நாடுகளுக்கு அது அந்நியம். அதன் சொந்த நிலமோ தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும், இலங்கையும் அதற்குள் அடக்கம். நம் தென்னைகளோடு தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வண்டு இது. கட்டுரையின் முதல் வாக்கியத்தில் "அந்நியப் பூச்சி" என்று மட்டும் எழுதிவிட்டால் விசுவமடுவில் அதைப் படிக்கிற கமக்காரர், யாரோ அண்மையில் கொண்டுவந்து விட்டார்கள் என்றே நினைப்பார். "தென்னாசியாவைத் தாயகமாகக் கொண்டது; மத்திய கிழக்கிலும் மத்தியதரைக்கடல் நாடுகளிலும் புகுந்து பரவியது" என்று எழுதினால் இரண்டு பக்கத்து வாசகரும் தம் இடத்தைக் கண்டுகொள்வார்கள். "இந்தச் செய்தி எந்த இடத்துக்கு உண்மை?" என்று ஒவ்வொரு வரியிடமும் கேட்கும் பழக்கம் எங்களுக்கு இதிலிருந்துதான் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையிலிருந்தும் பூச்சி வெளியே போயிருக்கிறது. சிவப்பு வண்டுக்கு வழி திறந்துவிடும் கருவண்டு, அதாவது காண்டாமிருக வண்டு, 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் நாற்றுகளோடு சமோவாத் தீவுக்குச் சென்று அங்கே தென்னைகளை அழித்தது. 1942 அளவில் பலாவு தீவுகளை எட்டியது. அது உலகப்போர்க் காலம். பத்தாண்டுகளுக்குள் அங்கிருந்த தென்னைகளில் ஏறக்குறைய பாதி போய்விட்டது. கருவண்டு உக்கிய தென்னங்குற்றிகளில் பெருகும். இதை வாசித்துக் காட்டியபோது எங்கள் முற்றத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை. 2009இல் இங்கே போர் முடிந்தபின் ஊருக்குத் திரும்பி வந்தவர்கள் தங்கள் வளவுகளில், அதாவது வீட்டுக்காணிகளில், முதலில் கண்டது, வட்டு அறுந்து மொட்டையாக நின்ற தென்னைகளை.

'ஆக்கிரமிப்பு இனம்' என்ற சொல்லைப் பயன்படுத்தலாமா?

அரச ஆவணங்களில் 'அந்நிய ஆக்கிரமிப்பு இனங்கள்' என்பது வழக்கத்தில் இருக்கிறது. வாசகர் தேடும் சொல் அது என்பதால் கட்டுரையில் ஓரிடத்திலாவது அது இருக்க வேண்டும். ஆனால், இந்த மண்ணில் அந்தச் சொல்லுக்கு வேறொரு பாரம் உண்டு. காணியை இழந்தவர் ஒருவர் அதை வண்டுக்குப் போட்டு வாசிக்கும்போது மனம் வேறெங்கோ போகிறது. எங்கள் குழுவில் இதைப் பற்றி இரண்டு மாலைகள் பேசினோம். முடிவில், வரையறை சொல்லும் இடத்தில் மட்டும் அந்தச் சொல்லை வைத்து, மற்ற இடங்களில் "புகுந்து பரவிய" என்று எழுதுகிறோம். பூச்சிக்கு நோக்கம் கிடையாது. யாரோ கன்றை ஏற்றினார்கள், அது கூடவே போனது. நடந்ததைச் சொல்லும் வினைச்சொல்லே போதுமானது என்பது என் கருத்து.

ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்தால் போதாதா?

தொடக்கத்துக்கு உதவும். அதோடு நிறுத்தினால் கெடுதல் நேரும். எங்கள் வரைவில் நாங்களே செய்த பிழையைச் சொல்கிறேன். "மரத்தின் அடியில் முளைக்கும் பக்கக்கன்றுகளைச் சோதிக்க வேண்டும்" என்று ஒரு வரி எழுதியிருந்தோம். மூலத்தில் அது சரியான வரி. மாணவி ஒருத்தி வாசித்துக்கொண்டு போக, மரமேறும் ஐயா கையை உயர்த்தி நிறுத்தினார். "பிள்ளை, எந்தத் தென்னைக்குப் பக்கக்கன்று முளைக்கிறது?" என்று கேட்டார். பேரீச்சைக்கு முளைக்கும். அங்கே வண்டு பெரும்பாலும் அந்தக் கன்றுகள் இருக்கும் அடிப்பகுதியால் புகும். தென்னைக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை. இங்கே பார்க்க வேண்டியவை தண்டின் காயங்கள், கங்குமட்டையின் இடுக்கு, கருவண்டு துளைத்த குருத்து. ஐயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நாங்கள் நால்வர் படித்துப் பார்த்தும் தவறவிட்டதை அவர் ஒரு கேள்வியில் பிடித்துவிட்டார். அன்றிலிருந்து எந்தப் பகுதியையும் அவர் முன்னால் சத்தமாக வாசிக்காமல் பதிவேற்றுவதில்லை.

இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டுவது இதைவிட ஆபத்து. ஆங்கிலத்தில் பனைக்குடும்பத்துக்கும் உள்ளங்கைக்கும் ஒரே சொல். வண்டின் பெயரில் உள்ளங்கை வந்து உட்கார்ந்துவிடும். கூன்வண்டு அந்துப்பூச்சியாகிவிடும். வட அமெரிக்காவில் கோடிக்கணக்கான மரங்களை அழித்த மரகதப் பச்சைத் துளைப்பான் ஒன்று இருக்கிறது. 2002இல் டெட்ராயிட் நகரத்துக்கு அருகே கண்டுபிடிக்கப்பட்டது, கிழக்காசியாவிலிருந்து வந்தது. அது தாக்கும் மரத்தின் ஆங்கிலப் பெயரும் அடுப்புச் சாம்பலின் ஆங்கிலப் பெயரும் ஒன்றே. பெயரை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் பூச்சி சாம்பலைத் துளைக்கத் தொடங்கிவிடும். வரியின் பொருளை விளங்கிக்கொண்டு, மூலத்தை மூடிவைத்து, தமிழில் புதிதாக எழுதுங்கள்.

என் வளவில் கண்ணால் கண்டதை எழுதினால் ஏன் சான்று கேட்கிறார்கள்?

இந்தக் கேள்வியில் கோபம் இருக்கும், அந்தக் கோபம் நியாயமானது. இருந்தாலும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள்.

எங்கள் குழுவில் உள்ள ஒருவரின் காணியில் ஒரு தென்னை. அதன் தண்டில் ஆளுயரத்துக்குச் சற்று மேலே, போரில் செல் துண்டு, அதாவது எறிகணைத் துண்டு, பாய்ந்த ஓட்டை. விரல் இரண்டு நுழையும். போன வருடம் அந்த மரம் சிவப்பு வண்டால் செத்தது. "செல் காயத்தால்தான் வண்டு வந்தது, கட்டுரையில் எழுதுங்கள்" என்றார். அந்த மரத்தை நட்டவர் அவருடைய தகப்பனார், அவர் இன்று இல்லை. அந்த ஓட்டை எதனால் வந்தது என்று அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால், சேர்ந்து உட்கார்ந்து யோசித்தோம். தென்னைக்குப் பட்டை வளர்ந்து காயம் மூடும் வழி கிடையாது. மற்ற மரங்களுக்குத் தண்டைப் பருக்கச் செய்யும் வளர்படை உண்டு, பனைக்குடும்பத்துக்கு அது இல்லை. அதனால் 2009இல் விழுந்த ஓட்டை இன்றும் ஓட்டையாகவே இருக்கிறது. அது உண்மை. அதே சமயம், வண்டை இழுப்பது புதுக் காயத்தின் வாடை. வெட்டுப்பட்ட இடத்திலிருந்து கசியும் சாறு புளிக்கும்போது எழும் மணத்துக்கு அது வருகிறது. பல வருடங்களாகக் காய்ந்து கிடக்கும் ஓட்டைக்கு அப்படி வந்ததா? அல்லது வேலிக்கம்பியைத் தண்டில் ஆணியடித்து மாட்டிய இடத்தால் வந்ததா, கருவண்டு குருத்தில் போட்ட துளையால் வந்ததா? அந்த மரத்தின் குருத்தோலைகளில் விசிறிபோல் வெட்டும் இருந்தது, அது கருவண்டின் வேலை. ஆக, எங்களுக்குத் தெரிந்தவை இரண்டு: மரத்தில் செல் காயம் இருந்தது, மரம் வண்டால் செத்தது. இரண்டையும் இணைக்கும் "ஆல்" என்ற வேற்றுமை உருபுக்குத்தான் சான்று வேண்டும்.

விக்கிப்பீடியாவின் விதி, ஏற்கெனவே நம்பகமான இடத்தில் வெளியான செய்தியை மட்டும் எழுத வேண்டும் என்பது. சொந்த ஆய்வுக்கு அங்கே இடம் இல்லை. உங்கள் சொல்லை நம்பாததால் வந்த விதி என்று எண்ண வேண்டாம். எங்கோ இருக்கும் வாசகர் உங்கள் வளவுக்கு வந்து பார்க்க முடியாது, நூலையோ ஆய்விதழையோ திறந்து பார்க்க முடியும். அதனால் "தண்டில் ஏற்படும் காயங்கள் வழியாக வண்டு முட்டையிடும்" என்று சான்றோடு எழுதியிருக்கிறோம். செல் காயம் என்ற சொல் இன்னும் கட்டுரையில் இல்லை. அதை ஆராய்ந்து யாரேனும் வெளியிடும் நாளில் நானே சேர்ப்பேன்.

அப்படியென்றால் நான் கண்டது வீணா?

வீணில்லை. முதலாவது, படம். எழுத்துக்குச் சான்று கேட்கும் விக்கிப்பீடியா, நீங்களே எடுத்த படத்தை ஏற்றுக்கொள்ளும். விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேர்த்துவைக்கும் விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றி, எடுத்த திகதியையும் மாவட்டத்தையும் குறிப்பிடுங்கள். படக்குறிப்பில் தெரிவதை மட்டும் எழுதுங்கள்: "தண்டில் பழைய துளையுள்ள, சிவப்பு வண்டால் பட்டுப்போன தென்னை, முல்லைத்தீவு மாவட்டம்." மேலே சொன்ன மரத்தின் படத்தை அப்படித்தான் ஏற்றினோம். காணிக்காரர் குறிப்பை மூன்று தரம் வாசித்துப் பார்த்து, "இது சரி" என்றார்.

இரண்டாவது, ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள உரையாடல் பக்கம். "எங்கள் பகுதியில் இப்படிக் காண்கிறோம், இதற்குச் சான்று யாருக்காவது தெரியுமா?" என்று அங்கே கேட்கலாம். வேறு நாட்டிலிருந்து ஒருவர் பழைய ஆய்விதழ் ஒன்றை எடுத்துத் தருவார். மூன்றாவது, ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்கள். அங்கே உங்கள் அவதானிப்பே பதிவாகும், படத்தைப் பார்த்து மற்றவர்கள் இனத்தை உறுதிசெய்வார்கள். வன்னியிலிருந்து அங்கே எவ்வளவு பதிவு சேர்கிறதோ அவ்வளவுக்கு நாளை ஆராய வருகிறவருக்கு உதவி.

படம் எடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

அளவு தெரிய வேண்டும். வண்டுக்குப் பக்கத்தில் அடிமட்டத்தையோ ஒரு நாணயத்தையோ வையுங்கள். வீட்டாரின் முகம், வாசல், வாகன இலக்கம் படத்தில் வரக்கூடாது. கைத்தொலைபேசி, எடுத்த இடத்தைப் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். பதிவேற்றுமுன் அதை நிறுத்திவிடுங்கள். மாவட்டத்தின் பெயர் போதும். காணிக்காரரிடம் கேட்காமல் எவருடைய மரத்தையும் எடுக்காதீர்கள்.

எண்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால்?

முரண்படும். ஒரு பெண் வண்டு 200 முதல் 300 முட்டையிடும் என்று ஒரு நூலில் இருக்கும், இன்னொன்று 500க்கு மேல் என்னும். புழுப் பருவத்தின் நாட்களும் அப்படியே. சராசரி எடுத்து ஓர் எண்ணை எழுதுகிற ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். வெப்பமும் உணவும் மாறினால் இந்த எண்கள் மாறுகின்றன. தென்னையில் வளர்ந்த புழுவா, ஆய்வுகூடத்தில் கரும்புத்துண்டு கொடுத்து வளர்த்ததா என்று சான்றில் பார்த்து, வீச்சை எழுதி, எந்தச் சூழலில் எடுத்த எண் என்பதையும் பக்கத்தில் சொல்லுங்கள்.

நாங்கள் எழுதிய செய்தி பிறகு பிழை என்று தெரிந்தால்?

திருத்துங்கள், திருத்தக் காரணத்தைச் சுருக்கப் பெட்டியில் எழுதுங்கள். இந்த வண்டின் வரலாற்றிலேயே அதற்கு நல்ல பாடம் உண்டு. 2010இல் கலிபோர்னியாவின் லகுனா பீச்சில் இந்த வண்டு கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவித்தார்கள். அதற்கு முன் 2004இல், ரின்கோபோரஸ் வல்னெராட்டஸ் என்ற உறவுக்கார வண்டும் நம் சிவப்பு வண்டும் ஒரே இனம் என்று ஆய்வாளர் முடிவுசெய்திருந்தனர். 2013இல் மரபணுவைப் பார்த்து மீண்டும் இரண்டாகப் பிரித்தார்கள். கலிபோர்னியாவுக்குப் போனது அந்த உறவுக்கார வண்டு என்பது தெரிந்தது. 2015இல் அங்கே அது முற்றாக ஒழிந்துவிட்டதாக அறிவிப்பும் வந்தது. ஆகவே 2010இல் வெளியான செய்தியைச் சான்றாகக் காட்டி "அமெரிக்காவிலும் சிவப்பு வண்டு இருக்கிறது" என்று இன்று எழுதினால், சான்று இருந்தும் வரி பிழை. சான்றின் ஆண்டைப் பாருங்கள். அதற்குப் பின் என்ன வந்தது என்றும் தேடுங்கள்.

குடும்பப் பெயரில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. சிலர் கர்குலியோனிடே என்ற பெரிய குடும்பத்தில் வைக்கிறார்கள், சிலர் டிரையோப்தோரிடே என்று தனியாக வைக்கிறார்கள். இதற்காக மாறி மாறி அழித்து எழுத வேண்டாம். ஒன்றைக் கட்டுரையின் தகவற்பெட்டியில் வைத்து மற்றதை ஒரு வரியில் சொன்னால் முடிந்தது.

மருந்தின் பெயரையும் அளவையும் எழுதலாமா?

அளவை எழுதாதீர்கள். இதில் நான் கடுமையாகவே இருக்கிறேன். கலைக்களஞ்சியத்தை உலகின் எந்த மூலையிலிருந்தும் படிப்பார்கள்; ஒரு நாட்டில் கடையில் கிடைப்பது இன்னொரு நாட்டில் தடை. இலங்கையில் 1995இலேயே மிகக் கொடிய நச்சு வகைப் பூச்சிகொல்லிகளின் இறக்குமதிக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. அவை வீடுகளில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் போன உயிர்கள் எத்தனை என்று நம் ஊர்களுக்குத் தெரியும். வேறு நாட்டுக் கைநூலில் "தண்டில் துளையிட்டு இத்தனை மில்லிலீற்றர்" என்று இருப்பதைப் பெயர்த்து வைத்தால், யாரோ ஒருவர் பழைய போத்தலைத் தேடி எடுப்பார். "தண்டில் மருந்து செலுத்தும் முறை உண்டு, பயிற்சி பெற்ற அலுவலர் வழியாகவே செய்ய வேண்டும்" என்று எழுதினால் போதும்.

மருந்தல்லாத முறைகளை விரிவாக எழுதலாம். தண்டைக் காயப்படுத்தாமல் இருத்தல், ஏறுவதற்குப் படி வெட்டாமல் இருத்தல், பட்ட மரத்தைத் தறித்துப் பிளந்து எரித்தல், கருவண்டைக் குருத்திலிருந்து கம்பியால் குத்தியெடுத்தல், எருக்குவியலைக் கிளறி அதன் புழுக்களை அழித்தல். ஆண் வண்டு வெளிவிடும் ஃபெருஜினியோல் என்ற மணப்பொருளை 1993இல் கண்டறிந்தார்கள். அதை வைத்து வாளிப்பொறி செய்கிறார்கள், அது ஆணையும் பெண்ணையும் இழுக்கும். ஆனால் பராமரிக்காத பொறி, வண்டை ஊரெல்லாம் கூட்டி உங்கள் வளவுக்கே அழைத்துவரும். இந்த எச்சரிக்கையைப் பொறியைச் சொல்லும் அதே பந்தியில் வையுங்கள், கீழே தள்ளாதீர்கள்.

இலங்கைச் சொல்லா, தமிழ்நாட்டுச் சொல்லா?

தலைப்பு எதுவாக இருந்தாலும் மற்றப் பெயர்கள் வழிமாற்றாக இருக்க வேண்டும். சிவப்பு வண்டு என்று தேடுகிறவரும் கூன்வண்டு என்று தேடுகிறவரும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். கட்டுரையின் உள்ளே வட்டு, குரும்பட்டி, வளவு போன்ற நம் சொற்களைத் தயங்காமல் எழுதுங்கள்; முதல் தடவை வரும்போது விளக்கம் கொடுங்கள். மதுரையில் படிப்பவருக்கு அதுவும் ஓர் அறிவு. ஒருவர் எழுதிய "கருப்பு" என்பதைக் "கறுப்பு" என்று மாற்றுவதற்காக மட்டும் ஒரு திருத்தம் செய்ய வேண்டாம், அவரும் பதிலுக்கு அதையே செய்வார். ஒரு கட்டுரைக்குள் ஒரே எழுத்துக்கூட்டல் இருந்தால் சரி.

நான் எழுதியதை யாரோ நீக்கிவிட்டார். என்ன செய்வது?

முதலில் ஒன்றும் செய்யாதீர்கள். ஒரு தேநீர் குடியுங்கள். வரலாற்றுப் பக்கத்தில் உங்கள் எழுத்து அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு பதிப்பும் திகதியோடு சேமிக்கப்பட்டிருக்கும். நீக்கியவர் காரணம் எழுதியிருப்பார். பெரும்பாலும் சான்று இல்லை என்பதாக இருக்கும், அல்லது துண்டுப்பிரசுரத்திலிருந்து வரிக்கு வரி எடுத்தது என்பதாக இருக்கும். அரச திணைக்களத்தின் பிரசுரமென்றாலும் அதன் வாசகத்தை அப்படியே எடுத்தல் கூடாது. செய்தியை உங்கள் வார்த்தையில் எழுதி, பிரசுரத்தைச் சான்றாகக் காட்டுங்கள். காரணம் விளங்காவிட்டால் உரையாடல் பக்கத்தில் கேளுங்கள், "ஐயா" அல்லது "நண்பரே" என்று தொடங்கிக் கேளுங்கள். எங்களோடு மிகவும் வாதாடிய ஒருவர்தான் பிறகு கலிபோர்னியா விவகாரத்தைச் சுட்டிக்காட்டி எங்களைக் காப்பாற்றினார்.

எனக்குத் தட்டச்சு தெரியாது, சிக்னலும் இல்லை. சேரலாமா?

சேரலாம். குழுவில் பாதிப்பேருக்குப் பயனர் கணக்கே இல்லை. ஐயா சொல்வார், மாணவிகள் கொப்பியில் எழுதுவார்கள், ஞாயிற்றுக்கிழமை சிக்னல் உள்ள இடத்துக்குப் போய் மணல்தொட்டியில் ஏற்றிப் பார்ப்போம். மணல்தொட்டி என்பது எழுதிப் பழகும் பக்கம், அங்கே பிழை விட்டால் யாருக்கும் நட்டமில்லை.

கட்டுரையை அச்சிட்டுப் பள்ளிக்கூடத்தில் கொடுக்கலாமா?

தாராளமாக. விக்கிப்பீடியாவின் உரிமம் அதற்கு இடம் தருகிறது. எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டு, அதே உரிமத்திலேயே கொடுக்க வேண்டும். அச்சிட்ட திகதியைத் தாளின் மேலே போடுங்கள். அடுத்த மாதம் கட்டுரை மாறியிருக்கலாம்.

என் தென்னையில் இப்போதே அறிகுறி தெரிகிறது. கட்டுரையைப் படித்தால் போதுமா?

போதாது. தண்டில் துளையிலிருந்து பழுப்பு நிறச் சாறு வழிகிறதா, மென்ற நார் வெளித்தள்ளுகிறதா, புளித்த வாடை வருகிறதா? இருந்தால் இன்றே தென்னைப் பயிர்ச்செய்கைச் சபையின் அலுவலரிடம் சொல்லுங்கள். ஐந்து முதல் பதினைந்து வயது மரங்களில்தான் ஆபத்து அதிகம். வடக்கில் தென்னை நடுகை பெருகிவரும் இந்தக் காலத்தில் அந்த வயது மரங்களும் பெருகும். கட்டுரைக்குப் படம் வேண்டுமென்று காத்திருந்து மரத்தை இழக்காதீர்கள்.

இப்போது கட்டுரையில் என்ன குறை?

பனையைத் தாக்குவது பற்றிய பகுதி மெலிந்து கிடக்கிறது. தாக்கும் மரங்களின் பட்டியலில் பனை இருக்கிறது, விவரம் குறைவு. நார்க்கூட்டின் நல்ல படம் ஒன்று வேண்டும். சிங்களக் கட்டுரையோடு ஒப்பிட்டுப் பார்க்க இரு மொழியும் தெரிந்த ஒருவர் வேண்டும்.

மிகவும் வேண்டியது ஓர் ஒலி. புழு தண்டுக்குள் நாரை மெல்லும் சத்தம் வெளியே கேட்கும் என்று எல்லா நூலிலும் ஒரு வரி இருக்கிறது. வாசித்தவர் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? ஐயா எனக்குக் காட்டியிருக்கிறார். வலது காதைத் தண்டோடு ஒட்டி, இடது காதைக் கையால் பொத்தி, மூச்சையும் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். நனைந்த கயிற்றைப் பிரித்தெடுப்பதுபோல், விட்டுவிட்டு, மெல்லிய கறகறப்பு. ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். பொதுவகம் ஒலிக்கோப்பையும் ஏற்கும்.

பக்கத்துக் காணியில் இப்போது அப்படி ஒரு மரம் நிற்கிறது. அலுவலர் வியாழக்கிழமை வந்து பார்க்கவிருக்கிறார். அதற்கு முன், உழவு இயந்திரங்கள் ஓடத் தொடங்காத விடியற்காலையில் பதிவுசெய்ய வேண்டும். காது வைக்க வேண்டிய இடத்தை ஐயா சுண்ணாம்பால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். நல்ல ஒலிவாங்கி வைத்திருப்பவர்கள் புதன்கிழமை இரவே வந்துவிடுங்கள், எங்கள் வீட்டில் தங்கலாம்.